ஆறு விநாடிக்கு ஒரு கேலக்ஸி

எங்கள் தொழிலில் ஒரு சின்னத் திமிர் உண்டு. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மவுஸைத் தேடுகிறவரைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம். வானியலில் இந்தச் சமாச்சாரத்துக்கு வயது நூறுக்கு மேல். கம்ப்யூட்டர் என்ற சொல் மனுஷியைக் குறித்த காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் பூதக்கண்ணாடியோடு கண்ணாடித் தகட்டின்மேல் குனிந்திருப்பார். ஒவ்வொரு நட்சத்திரத்தின் நிறமாலையும் அதில் ஒரு சின்னக் கீற்று. பார்த்தவுடன் வகையின் எழுத்தைச் சத்தமாகச் சொல்வார், பக்கத்தில் உதவியாளர் எழுதிக்கொள்வார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். நிமிஷத்துக்கு மூன்று நட்சத்திரம் வரை. வாழ்நாளில் சுமார் 3,50,000. அவர் தானே எழுதியிருந்தால் ஒவ்வொரு தடவையும் கண் தகட்டைவிட்டு நகர்ந்திருக்கும். ஷார்ட்கட் என்பதே இதுதானே? கை வேகம் அப்புறம். முதலில் கண் படத்தைவிட்டு அகலக்கூடாது.

2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கெவின் ஷாவின்ஸ்கி ஒரு வாரத்தில் 50,000 கேலக்ஸிகளைத் தனியாகவே பார்த்துப் பிரித்தார். நாளுக்கு 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ஆறு விநாடி. ஸ்லோன் வான்கணிப்பில் இன்னும் லட்சக்கணக்கில் மிச்சம். அந்த ஜூலையில் அவரும் கிறிஸ் லின்டாட்டும் மற்றவர்களும் கேலக்ஸி ஸூவைத் திறந்தார்கள். ஆறு பட்டன்கள், யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். முதல் வருஷத்திலேயே ஐந்து கோடிக்கு மேல் வகைப்படுத்தல்கள் வந்து குவிந்தன.

ஆறில் இரண்டு பட்டன்கள் சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டன. எண்ணிப் பார்த்தால் இடஞ்சுழிகள் கூடுதல். இது நிஜமென்றால் பிரபஞ்சத்துக்கே கைப்பழக்கம் உண்டு என்றாகிவிடும், அண்டவியலின் அடிப்படை ஆடிப்போகும். குழு அவசரப்படவில்லை. அதே படங்களில் சிலவற்றைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி, மறுபடி மக்களிடம் கொடுத்தார்கள். இப்போது வலஞ்சுழி அல்லவா கூட வேண்டும்? ம்ஹூம், அப்போதும் இடஞ்சுழிதான். சாய்வு வானத்தில் இல்லை, பார்க்கிற நம்மிடம்தான். யூனிட் டெஸ்ட் எழுதுகிற எவருக்கும் இந்த இடம் பிடித்துப்போகும். இன்புட்டைத் திருப்பு, அவுட்புட் திரும்புகிறதா பார். அவ்வளவுதான்.

கை பழகப் பழகக் கண் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. ஆனால் அதே ஆகஸ்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கெல் திரையில் ஐசி 2497 என்ற கேலக்ஸியைப் பார்த்தார். அதற்குக் கீழே ஒரு நீலக் கறை. கேலக்ஸிக்குப் பட்டன் இருந்தது; கறைக்கு இல்லை. சுருள் என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அவர் நின்று, "இது என்ன?" என்று கேட்டார்.

விண்வெளி ஆய்வாளர்களிடமும் உடனே பதில் இல்லை. அந்தக் கேலக்ஸியின் மையம் ஒரு காலத்தில் குவாசாராக எரிந்து, பிறகு மங்கிவிட்டிருக்கிறது. முன்னே கிளம்பிய அதன் ஒளி பட்டு ஒரு வாயு மேகம் இன்னும் மினுங்குகிறது. ஹானியின் வூர்வெர்ப் என்று பெயர் வைத்தார்கள். டச்சில் வூர்வெர்ப் என்றால் வெறும் 'பொருள்'.