விண்மீன் செல்களும் மூளையின் இரத்தக் குழாய்களும்: ஆய்வின் வரலாறு

மனித உடலின் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் பெரிதாக எதுவும் கிடையாது. இரத்த ஓட்டம் சில நொடிகள் நின்றாலே நினைவு தப்பிவிடும். இவ்வளவு அவசரமான வரவு செலவில் நரம்புச் செல்லுக்கும் இரத்தக் குழாய்க்கும் நடுவில் நிற்பது ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் செல். அதன் கிளைகள் குழாயைத் தொட்டு நிற்பதைக் கண்டு 150 ஆண்டுகள் ஆகின்றன. அங்கே அது என்ன செய்கிறது என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

நரம்புச் செல்களுக்கு இடையே உள்ள பொருளுக்கு 1850களில் 'நியூரோகிளியா' என்று பெயரிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. 'கிளியா' என்பது பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பசை என்று பெயர் வைத்தபின் அதற்கு வேறு வேலை இருக்கும் என்று யார் தேடுவார்கள்? இத்தாலியின் கமில்லோ கோல்கி 1870களின் தொடக்கத்தில் இச்செல்களின் கிளைகள் இரத்தக் குழாய்களில் பாதம் ஊன்றி நிற்பதைப் பார்த்தார். குழாயிலிருந்து நரம்புச் செல்லுக்கு உணவு இவற்றின் வழியாகவே போகிறது என்பது அவர் கருத்து. ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1895இல் இன்னும் துணிந்து ஓர் ஊகம் சொன்னார்: இப்பாதங்கள் சுருங்கும்போது குழாய் விரிந்து, வேலை செய்யும் மூளைப் பகுதிக்குக் கூடுதல் இரத்தம் பாய்கிறது. அவர் சொன்ன இயங்குமுறை தவறு. ஆனால் கேள்வி சரியானது. அதைச் சோதிக்கும் கருவிகள் வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையில் வேறொரு புதிர் வளர்ந்தது. 1885இல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். எல்லா உறுப்புகளும் நிறம் ஏறின. மூளை மட்டும் ஏறவில்லை. மூளைக்குச் சாயத்தைப் பிடிக்கும் தன்மை இல்லை என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தியபோது மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் தப்பின. ஆக, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது.

அந்தத் தடுப்பு எது? 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, விண்மீன் செல்களின் பாதங்கள் தந்துகிகளை உறைபோல் மூடியிருப்பதைக் காட்டியதும், பாதங்களே தடுப்பு என்று பலர் எண்ணினர். 1967இல் தாமஸ் ரீஸும் மாரிஸ் கார்னோவ்ஸ்கியும் எலியின் இரத்தத்தில் பெராக்சிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தி நுண்ணோக்கியில் தேடினார்கள். நொதி பாதங்களை எட்டவே இல்லை. குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும் இடத்திலேயே நின்றுவிட்டது. தடுப்பு குழாய்ச் சுவரில்தான் இருந்தது.

விண்மீன் செல்லின் கதை அத்தோடு முடிந்திருக்கலாம். 1981இல் ஸ்டூவர்ட்டும் வைலியும் காடைக் கருவின் மூளைத் துண்டை எடுத்துக் கோழிக் கருவின் வயிற்றறையில் வைத்தனர். அதற்குள் வளர்ந்த கோழியின் வயிற்றுக் குழாய்கள் மூளைக் குழாய்களின் குணத்தைப் பெற்றன. அப்படியானால் குழாய்க்கு மூளை எதையோ கற்றுக்கொடுக்கிறது. கற்றுக்கொடுப்பது விண்மீன் செல்லே என்று 1987இல் ஜான்சரும் ராஃபும் காட்டினர். இந்தப் பெருமையும் முழுதாக நிலைக்கவில்லை. கருவில் விண்மீன் செல்கள் தோன்றுமுன்பே தடுப்பு உருவாகிவிடுகிறது என்றும், அதற்குப் பெரிசைட் என்னும் குழாயோரச் செல்கள் தேவை என்றும் 2010இல் தெரியவந்தது.

பாதங்கள் கெட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நோய் தெளிவாக்கியது. குழாயைத் தொடும் பக்கத்தில் அக்வாபோரின்-4 என்னும் நீர்ப்புழைகள் நெருக்கமாகக் குவிந்திருப்பது 1997இல் கண்டறியப்பட்டது. கண் பார்வையையும் நடையையும் பறிக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா நோயாளிகளின் இரத்தத்தில் 2004இல் ஒரு எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அது தாக்குவது இந்த நீர்ப்புழையைத்தான் என்று அடுத்த ஆண்டே புலப்பட்டது. அதுவரை இந்நோயாளிகள் பலருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றே பெயர் சூட்டப்பட்டது. அந்நோய்க்குத் தரும் சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கும் என்பதால், ஓர் இரத்தப் பரிசோதனையில் ஒருவரின் பார்வையே தங்கியிருக்கிறது.

கஹாலின் கேள்விக்கு 2003இல் விடை வரத் தொடங்கியது. நரம்புச் செல் துடிக்கும்போது வெளிப்படும் குளுட்டமேட் விண்மீன் செல்லில் கால்சியத்தை உயர்த்துகிறது, அதன் பாதத்திலிருந்து வரும் வேதிப்பொருள் குழாயை விரிக்கிறது என்று இத்தாலிய ஆய்வுக் குழு காட்டியது. அடுத்த ஆண்டு கனடாவிலிருந்து வந்த ஆய்வோ, அதே கால்சியம் குழாயைச் சுருக்கவும் செய்கிறது என்றது. சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலுக்கு நீர் பாய்ச்சுபவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தண்ணீர் வேண்டும் என்று வயலிலிருந்து தகவல் வந்ததும் மடையைத் திறப்பவர்தான், போதும் என்றதும் அடைக்கவும் செய்கிறார்.

வயலும் மடையும் சேர்ந்த இந்த முழுச் சுற்றைக் கணினியில் அமைத்துப் பார்த்த முயற்சி ஒன்று சென்னையில் நடந்தது. ஐ.ஐ.டி.யின் வி. ஸ்ரீநிவாச சக்ரவர்த்தி, சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, 2012இல் 'பிளாஸ் ஒன்' இதழில் ஒரு மாதிரியை வெளியிட்டார். அதற்கு முந்தைய மாதிரிகள் சுற்றின் ஏதாவது ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டன. இதில் நரம்புச் செல் தன் பசியை விண்மீன் செல்லுக்கு அறிவிக்கிறது. அது குழாயை விரிக்கிறது. குழாய் குளுக்கோஸைத் தருகிறது. விண்மீன் செல் அதில் ஒரு பங்கை லாக்டேட்டாக மாற்றி நரம்புச் செல்லுக்கு ஊட்டுகிறது. இந்தச் சுற்றில் பொருத்தப்பட்ட நரம்புச் செல், கையிருப்பு ஆற்றலையும் வெளித் தூண்டலையும் பொறுத்து, ஒரு நேரம் தொடர்ந்து துடித்தது, ஒரு நேரம் கொஞ்சம் தயங்கித் துடித்தது, ஒரு நேரம் கொத்துக் கொத்தாகத் துடித்தது.