நல்லதங்காளும் நம் காலத்துத் தாய்மாரும்

நல்லதங்காள் கதை கேட்டுக் கண்ணீர் வடிக்காதார் உண்டோ? பஞ்சம் வாட்ட, பசித்த மக்கள் எழுவருடன் அண்ணன் வீடு தேடி வந்தாள், அண்ணி கதவடைத்தாள், மக்களைக் கிணற்றில் தள்ளித் தானும் மாண்டாள். வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் உண்டு. கதையிலே வரும் தாய்க்குக் கற்பூரம்! அதே கொடுமை திருப்பூரில், பனியன் தொழிலாளர் வாழும் லைன் வீடொன்றில் நிகழ்ந்துவிட்டாலோ, “தாயா இவள், பேய்!” என்று தூற்றுகிறோம். ஏன் நிகழ்ந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் உண்டு. மகப்பேற்றையொட்டி வரும் மனநோய்கள் குறித்து 1858இலேயே தனி நூல் எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் மார்சே. பெற்றோரே பிள்ளையைக் கொன்ற 131 நிகழ்ச்சிகளை 1969இல் ஆராய்ந்தார் அமெரிக்க மனநல மருத்துவர் ரெஸ்னிக். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, வெறுப்பால் நிகழ்ந்தவை அல்ல. பிள்ளையைத் துன்பத்தினின்றும் விடுவிப்பதாக எண்ணிச் செய்தவை! சோர்வில் மூழ்கிய மனம் தன் இருளையே பிள்ளையின் எதிர்காலமாகக் காண்கிறது. நல்லதங்காள் கண்டதும் அவ்விருளன்றோ?

எல்லாக் கொலைக்கும் நோயே காரணம் என்பதன்று. சினமும் குடும்பப் பகையும் உண்டு. மனநோயாளர் அனைவரும் கொடியவர் என்பது அதனினும் பெரிய பொய். பேற்றுக்குப் பின் வரும் கடும் மனப்பிறழ்வு ஆயிரம் தாய்மாருள் ஓரிருவரையே பற்றும். அவர்களிலும் மிகப் பலர் எவருக்கும் தீங்கு செய்யார். மருத்துவத்தால் குணமாகும் நோய் அது.

இங்கிலாந்து 1922இல் தனிச் சட்டம் இயற்றியது. 1938இல் அதைத் திருத்தி, ஓராண்டு நிரம்பாத சேயைப் பேற்றால் மனநிலை குலைந்து கொன்ற தாயைக் கொலைக் குற்றத்தினின்றும் விலக்கியது. இங்கோ, 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 முதல் நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாகப் பெயர் மாறி நிற்கிறது. செய்வது இன்னதென்றோ, தவறென்றோ அறியவே இயலாத பித்தருக்கு மட்டும் அது விலக்களிக்கும். பாதி இருளில் தத்தளிப்பவளுக்கு இடமில்லை.

சட்டம் வருவது சாவுக்குப் பின். முன்னே வருவது யார்? பூசாரியும் மந்திரவாதியுமா? பேயோட்டும் நம்பிக்கையின் விலையை 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர்.

பிழைக்க வந்த ஊர் திருப்பூர். தாய்வீடு தொலைவில், கணவன் ஷிப்டில், பச்சைக் குழந்தையுடன் அவள் தனியே. உறங்காமலும் உண்ணாமலும் “நாங்கள் இருந்தென்ன பயன்?” என்கிறாள் எனில், அது நோயின் குரல். வேப்பிலை வேண்டா, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் மனநல உதவி கிடைக்கும். தாயையும் சேயையும் பிரிக்காமல் மருத்துவம் செய்யும் பிரிவு, பெங்களூர் நிம்ஹான்சில் 2009இல் தொடங்கியது. தொழில் நகரந்தோறும் அத்தகைய பிரிவு கேட்போம்!

நல்லதங்காளுக்குத் தேவைப்பட்டது கோயில் அன்று, தோழர்களே, திறந்த கதவு.