விழுந்த செய்மதியும் விழித்திருந்தவர்களும்

2011 செப்டெம்பர் 23, வெள்ளிக்கிழமை இரவு. கொழும்பில் எமது பத்திரிகை அலுவலகத்தில் மறுநாட் பதிப்பின் முதற்பக்கத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தோம். தொலைபேசி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து பேசிய ஒரு முதியவர் கேட்டார்: "தம்பி, அந்தச் செய்மதி எங்கடை பக்கம் விழுமோ? பிள்ளையளை நாளைக்கு ரியூசனுக்கு அனுப்பலாமோ?" கிறீஸ் பூதப் பீதி அடங்கிச் சில வாரங்கள்கூட ஆகாத காலம் அது. இரவு என்றாலே மக்கள் அஞ்சிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், இப்போது ஆகாயமும் அச்சத்துக்குரியதாகி விட்டது.

அச்சத்துக்குக் காரணமாக இருந்தது, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் 'மேல் வளிமண்டல ஆய்வுச் செய்மதி'. ஆங்கில முதலெழுத்துகளால் யு.ஏ.ஆர்.எஸ். என்று அழைப்பார்கள். ஏறத்தாழ 6 தொன் எடை; ஒரு பேருந்தின் அளவு. 26 துண்டுகள் எரியாமல் தரையை அடையலாம், அவற்றின் மொத்த எடை 532 கிலோகிராம், உலகில் யாராவது ஒருவர் மீது ஒரு துண்டு விழுவதற்கான வாய்ப்பு 3200 இல் 1 என்று நாசா அறிவித்திருந்தது. அந்த எண்களையெல்லாம் நான் முதற்பக்கத்தில் எடுப்பாகப் போட்டேன். 1979 ஜூலை 11 இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழுந்தபோது ஊரெல்லாம் பரவிய பீதியை நேரிற் கண்ட தலைமுறை எங்களுடையது. அந்த நினைவையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்தேன்.

மறுநாள், இலங்கை நேரப்படி காலை 9.30 மணியளவில், அது தெற்குப் பசுபிக் சமுத்திரத்தின் மேல், அமெரிக்க சமோவாவுக்கு அண்மையில் வளிமண்டலத்துள் நுழைந்து எரிந்தது. எவருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. ஞாயிறு இதழில் அதனை ஆறு வரிகளில் முடித்துக்கொண்டோம்.

ஒரு வாரத்தின் பின் வடமராட்சியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரின் கடிதம் வந்தது. "அது விழப்போவதைப் பற்றி மூன்று பத்தி எழுதினீர்கள். விழுவதற்கு முன் அது இருபது ஆண்டுகள் மேலே இருந்ததே, அங்கே என்ன செய்தது என்று ஒரு வரியாவது எழுதினீர்களா?" எழுதவில்லை என்பதே உண்மை. அவருக்குப் பதில் எழுதவும் எனக்கு மனம் துணியவில்லை. அந்தக் கடனைத்தான் இங்கே தீர்க்க முயல்கிறேன்.

கதை 1974 இல் தொடங்குகிறது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் வானில் மிக உயரே சென்று சிதைந்து குளோரினை வெளியிடும், அந்தக் குளோரின் ஓசோன் படையை அரிக்கும் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷேர்வூட் றோலண்ட், மரியோ மொலினா ஆகிய இருவரும் அவ்வாண்டில் எழுதினார்கள். மேல் வளிமண்டலத்தை ஆராயும் பொறுப்பு 1970களின் நடுப்பகுதியில் நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1985 இல் ஜோசப் பார்மன், பிறயன் காடினர், ஜொனதன் ஷங்ளின் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர்கள், அந்தாட்டிக்காவின் ஹலி குடா நிலையத்தில் தரையிலிருந்து எடுத்த அளவீடுகளை வைத்து, ஒவ்வொரு வசந்த காலத்திலும் அங்கே ஓசோன் பெருமளவு குறைந்துபோவதை வெளிப்படுத்தினார்கள். 1987 செப்டெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது.

உடன்படிக்கை கைச்சாத்தாகியும் வாதம் ஓயவில்லை. எரிமலைகளும் கடல் உப்பும் காற்றிற் கலக்கும் குளோரினோடு ஒப்பிட்டால் மனிதன் செய்வது அற்பம் என்று சொல்வோர் இருந்தார்கள். அந்த வழக்கைத் தீர்க்கத்தக்க சாட்சி மேலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

1991 செப்டெம்பர் 12 இல் டிஸ்கவரி விண்ணோடம் அந்தச் சாட்சியைச் சுமந்துகொண்டு புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. 15 ஆம் திகதி விண்ணோடத்தின் இயந்திரக் கை அதனை மெல்ல வெளியே எடுத்து விட்டது. பூமியிலிருந்து சுமார் 585 கிலோமீற்றர் உயரத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முறை அது உலகை வலம் வந்தது. அதில் 10 கருவிகள் இருந்தன. சில வாயுக்களை அளந்தன. சில காற்றின் வேகத்தை அளந்தன. சில சூரியனிலிருந்து வரும் சக்தியை அளந்தன. அமெரிக்காவோடு பிரித்தானியா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் உழைப்பும் அவற்றில் இருந்தது. அதற்கென வகுக்கப்பட்ட ஆயுள் மூன்று ஆண்டுகள்.

இனிச் சொல்லப்போவது பத்திரிகைகளில் வராத பகுதி. செய்மதியை ஏவுவது ஒருநாட் செய்தி. அதன் பின்னர் வருவது, மேரிலாந்து மாநிலத்தின் கிறீன்பெல்ட்டிலுள்ள கொடார்ட் விண்வெளிப் பறப்பு நிலையத்தில், முறை மாறி முறை அமர்ந்திருந்து எண்களைப் பார்க்கும் வேலை. மின்னழுத்தம் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு, கருவிகள் கட்டளையை ஏற்றனவா, பதிவுக் கருவி நிரம்பிவிட்டதா. செய்மதி தன் நாடித்துடிப்பையும் அவதானிப்புகளையும் சேர்த்து விநாடிக்கு 32,000 பிற் என்ற வேகத்தில் பதிவு செய்தது. தொலைபேசிக் கம்பி வழியே நாம் முதன்முதலில் இணையத்தைத் தொட்ட காலத்தின் வேகத்தைவிட அது அதிகமன்று. அந்தப் பதிவு, உயரே நிற்கும் அஞ்சற் செய்மதிகள் வழியாகத் தரைக்கு வந்துசேர்ந்தது.

ஏறத்தாழ 36 நாட்களுக்கு ஒருமுறை ஒரு சடங்கு நடந்தது. செய்மதியின் ஒரு பக்கம் எப்போதும் வெயிலைப் பார்க்கவேண்டும். மறுபக்கம் நிழலில் குளிர்ந்திருக்கவேண்டும். குளிர்ந்த பக்கத்திலேதான் நுண்ணிய வெப்பக்கதிர்களை உணரும் கருவிகள் இருந்தன. சுற்றுப்பாதை மெல்ல மெல்லத் திரும்புவதால் ஐந்து வாரங்களில் வெயில் தவறான பக்கத்துக்கு வந்துவிடும். அதற்கு முன் செய்மதியை 180 பாகை திருப்பிவிடவேண்டும். திருப்பியதும் அக்கருவிகளின் பார்வை தென்துருவத்திலிருந்து வடதுருவத்தை நோக்கியோ, வடக்கிலிருந்து தெற்கை நோக்கியோ மாறும். ஒரு துருவத்தை ஐந்து வாரம் பார்க்கும்போது மற்றத் துருவத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு நோயாளிகள் இருக்க, காவலுக்கு ஒருத்தி மட்டும் இருந்தால் எப்படியோ, அப்படி.

எல்லாவற்றிலும் பெரிய கவலை மின்கலங்களே. ஒவ்வொரு சுற்றிலும் செய்மதி பூமியின் நிழலுக்குள் புகுந்து வெளிவரும். வெயிலில் சூரியத் தகடு மின்கலங்களுக்கு மின்னேற்றும். நிழலில் மின்கலங்கள் செய்மதியைத் தாங்கும். நிக்கல்-கட்மியம் வகையைச் சேர்ந்த மூன்று மின்கல அடுக்குகள் இருந்தன. அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினால் அவை சூடேறி நலிந்துபோகும். குறைவாக ஏற்றினால் நிழலில் செய்மதியே மயங்கிவிடும். ஒவ்வோர் அடுக்கையும் இரு பாதிகளாகக் கொண்டு, ஒரு பாதியின் மின்னழுத்தத்துக்கும் மறு பாதியினதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறியியலாளர்கள் கவனித்து வந்தார்கள். இரண்டும் ஒத்திருந்தால் நலம். வேறுபாடு பெருகத் தொடங்கினால் உள்ளே ஒரு கலம் நோயுற்றிருக்கிறது என்பது பொருள். போய்த் திறந்து பார்க்க முடியாத நோயாளி. கையில் உள்ளது நாடி ஒன்றே. மின்னேற்றும் அளவைச் சிறிது கூட்டியும் குறைத்தும், கருவிகளின் சுமையைத் தணித்தும் மருத்துவம் பார்த்தார்கள்.

நோய்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1992 ஜூனில் சூரியத் தகட்டைச் சூரியனை நோக்கித் திருப்பும் பொறி தடுமாறியது. மின்சாரம் போதாமல் கருவிகள் பல வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையிலேயே பிரித்தானியாவின் கருவி ஒன்றின் சுழலும் உறுப்பு நின்று, அக்கருவி ஓய்ந்தது. 1993 மே மாதத்தில் இன்னொரு கருவியைக் குளிர்வித்துக்கொண்டிருந்த திண்ம நியோன் ஆவியாகித் தீர்ந்தது. இது எதிர்பார்த்த முடிவே. எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைவதைப் போன்றது. 1997 இல் மின்கல அடுக்குகளில் ஒன்று கைவிட்டது. அதன்பின் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்க முடியவில்லை. ரேஷன் காலத்தில் எமது வீடுகளில் பாணைப் பங்கிட்டதுபோல மின்சாரத்தைப் பங்கிட்டு, ஒன்றை எழுப்பும்போது இன்னொன்றை உறங்கவைத்தார்கள். 1999 இல் பதிவுக் கருவியும் போயிற்று. தொடர்பு கிடைக்கும் நேரத்தில் செய்மதி கண்டது மாத்திரமே அதன்பின் தரையை வந்தடைந்தது.

இவ்வளவுக்கும் நடுவே அது கண்டது என்ன? ஏவப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1991 ஜூன் 15 இல், பிலிப்பைன்சின் பினட்டுபோ எரிமலை வெடித்துப் பெருந்தொகையான கந்தகவீரொட்சைட்டை வானுக்கு அனுப்பியிருந்தது. அந்த மேகம் உலகெங்கும் பரவியதை யு.ஏ.ஆர்.எஸ். தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தது. நுண்ணலைக் கருவி, ஓசோனை அழிக்கும் குளோரின் மொனொட்சைட்டு அந்தாட்டிக்காவின் மேல் திரள்வதைப் படமாக வரைந்து காட்டியது. ஓசோன் குறைந்த இடமும் அந்த வாயு திரண்ட இடமும் ஒன்றாக இருந்தன. 1992 இன் தொடக்கத்தில் வட துருவப் பக்கமும் அதே வாயு மிகுந்திருப்பதை அது கண்டது. வடக்கில் மனிதர் நெருங்கி வாழ்கிறார்கள் என்பதால் அச்செய்திக்குக் கனம் அதிகம்.

முடிவான சாட்சியைச் சொன்னது ஹலோ என்ற கருவி. அதன் வேலை எளிமையானது. ஒவ்வொரு சுற்றிலும் செய்மதிக்கு ஒரு சூரிய உதயமும் ஓர் அஸ்தமனமும் உண்டு. அந்தச் சில கணங்களில் காற்றின் ஊடாக வரும் வெயிலில் எந்தெந்த நிறங்கள் விழுங்கப்பட்டுள்ளன என்று ஹலோ பார்த்தது. அதில் ஐதரசன் புளோரைட்டு தெரிந்தது. குளோரினுக்கு எரிமலையைக் காரணம் சொல்லலாம், கடலைக் காரணம் சொல்லலாம். ஆனால் அந்த உயரத்தில் அந்த அளவு புளோரினுக்கு இயற்கையில் வேறு ஊற்று இல்லை. அது குளோரோபுளோரோகாபன் சிதைந்த எச்சம். புளோரினும் குளோரினும் ஒன்றுக்கொன்று இசைந்த அளவில் பெருகியதை 1996 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டில் றோலண்ட், மொலினா, போல் குருட்சன் ஆகிய மூவரும் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றிருந்தார்கள்.

மூன்றாண்டு முடிந்ததும் செய்மதியை நிறுத்தியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஓசோன் ஒரு பருவத்தில் அழிந்து மறு பருவத்தில் மீள்வதன்று. உடன்படிக்கை பலித்ததா என்று அறிய ஆண்டுக்கணக்கான தொடர்ச்சியான கணக்கு வேண்டும். ஒரு கருவி ஓய்ந்து இடைவெளி விட்டு இன்னொரு கருவி வந்தால், இரண்டின் எண்களும் வேறுபடும்போது மாறியது வானமா, அளவுகோலா என்று சொல்ல முடியாது. ஆகவே, அடுத்த செய்மதியான ஓரா 2004 ஜூலை 15 இல் ஏவப்படும்வரை கிழவனை உயிரோடு வைத்திருக்கவேண்டியிருந்தது. வைத்திருந்தார்கள். ஹலோ 2005 நவம்பர் வரை உதயத்தையும் அஸ்தமனத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தது. பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே வானத்தை ஓராண்டுக்கு மேலாகச் சேர்ந்து பார்த்தன. அறிவு கைமாறியது.

பின்னர் எஞ்சிய எரிபொருளைச் செலவிட்டுச் சுற்றுப்பாதையைத் தாழ்த்தினார்கள். அது விண்குப்பையாகச் சுற்றும் காலத்தைப் பல ஆண்டுகளால் குறைப்பதற்காக. 2005 டிசெம்பர் 14 இல் அதனை முற்றாக நிறுத்தினார்கள். மூன்றாண்டுக்குப் பிறந்தது பதினான்கு ஆண்டுகள் உழைத்திருந்தது. அதன் பின் ஆறு ஆண்டுகள் உயிரற்றுச் சுற்றி, 2011 இல் எங்கள் முதற்பக்கத்தில் வந்து விழுந்தது.

நானும் என் தொழிலும் பார்த்தது அந்த ஆறு ஆண்டுகளின் கடைசி ஆறு நாட்களை. ஒன்று வெடிக்கவேண்டும், விழவேண்டும், சாகவேண்டும். அப்போதுதான் எமக்கு அது செய்தி. போர்க்காலச் செய்தியறையில் வளர்ந்த எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் ஆழமாகவே ஊறியிருந்தது. பதினான்கு ஆண்டுகள் ஒன்றும் நிகழாதபடி பார்த்துக்கொண்டவர்களுக்கு எங்கள் பக்கங்களில் இடமே இருக்கவில்லை. இரவுக் கடமையில் இருந்து மின்னழுத்தத்தின் சிறு வேறுபாட்டைக் குறித்துவைத்த ஒருவரின் பெயரையும் நான் அறியேன். ஆனால் 2009 அளவில் உலக நாடுகள் அனைத்தும் மொன்றியல் உடன்படிக்கையில் இணைந்ததற்கும், அந்தாட்டிக்காவின் ஓசோன் 2066 அளவில் 1980 ஆம் ஆண்டின் நிலைக்கு மீளக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் 2022 மதிப்பீடு சொல்வதற்கும் பின்னால் அந்தக் குறிப்புகளும் உண்டு.

அந்த ஆசிரியர் இன்று உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. ஐயா, தாமதமாகத்தான் எழுதுகிறேன். அது மேலே இருந்து செய்தது இதுதான்.