மாட்டுத்தோலும் மிளகாய்க் குழம்பும்: மேற்கு ஆபிரிக்க உணவு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் வரலாறு எனப் பயின்று வந்த நமக்கு, அடுப்பிலேறிய ஒரு சட்டியை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது சற்றுக் கூச்சத்தைத் தரக்கூடும். அச்சட்டியிலிருப்பது மாட்டுத்தோல் எனின் அக்கூச்சம் இருமடங்காகும். தோலைத் தொட்டுத் தொழில் செய்வோரையே தீண்டாதார் என ஒதுக்கிவைத்த சமூகமொன்றிலிருந்து வந்தவர்கள் நாம். எனவே இக்கட்டுரையின் பொருளைக் கேள்வியுற்ற நண்பர் சிலர் முகஞ்சுழித்தமை எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுக் கடல் வாணிகமும், குடியேற்ற ஆட்சியின் புகையிரதப் பாதையும், இன்றைய கைத்தொழிற் கொள்கை பற்றிய பூசலும் ஒருங்கே வந்து சேரும் உணவு இதனைப்போல வேறொன்று உளதோ என்பது ஐயமே.

தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யொருபா மக்கள் உணவாகப் பதப்படுத்திய மாட்டுத்தோலைப் ‘பொன்மோ’ என்பர். இக்போ மக்களிடையே அது ‘கண்டா’ எனப்படும். கானாவில் ‘வேலே’ என்ற பெயர் வழங்குகின்றது. உரித்த தோலைத் துண்டங்களாக வெட்டி, தீயில் வாட்டி மயிரைப் பொசுக்கி, நீரில் ஊறவைத்து, கருகிய மேற்பரப்பைக் கத்தியாற் சுரண்டிக் கழுவுவர். இவ்வாறு பெறப்படுவது கபில நிறத்ததாகும். கொதிநீரில் அமிழ்த்தி மயிரை மழித்தெடுத்தால் வெண்ணிறத் தோல் கிடைக்கும். இவ்விரண்டில் எது சுவை மிக்கது என்பதில் அந்நாட்டவரிடையே ஒற்றுமை இல்லை.

தோலுக்கெனத் தனிச்சுவை பெரிதும் கிடையாது. நீண்டநேரம் அவிய அது மென்மையும் வழுவழுப்பும் பெற்று, தான் கிடக்கும் குழம்பின் சுவையைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும். ஆதலின் குழம்பே இங்கு தலைமை வகிக்கின்றது. செம்பனை எண்ணெயைக் காயவைத்து, வெங்காயத்தை வதக்கி, ‘ததாசே’ எனும் பெரிய செம்மிளகாயையும் ‘அத்தா ரோடோ’ எனும் கடுங்காரமான உருண்டை மிளகாயையும் கரகரப்பாக இடித்துச் சேர்ப்பர். பின்னது நம் நாட்டில் ‘நைமிரிஸ்’ எனச் சிங்கள மக்கள் கூறும் இனத்தைச் சார்ந்தது. புளிக்கவைத்த ஒருவகை மரவிதையாகிய ‘இரு’வும் உப்பும் சேர, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை தோற்றுண்டங்கள் அதில் வேகும்.

இக்குழம்பின் காரம் எக்காலத்தது? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. போர்த்துக்கேயரின் கப்பல்கள் வழியே 16ஆம் நூற்றாண்டளவில் அது மேற்கு ஆபிரிக்கக் கரையை அடைந்தது. அதற்கு முன்னர் அங்கு காரம் இல்லாதிருந்தது என எண்ணலாகாது. ஏலக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ‘அத்தாரே’ என்னும் விதையும், ‘இயேரே’ எனப்படும் காட்டு மிளகும் அம்மண்ணுக்குரியன. பெனின் இராச்சியத்துக்குச் சென்ற யோவாவோ அபொன்சோ தெ அவெய்ரோ என்பவர் 1486ஆம் ஆண்டளவில் இம்மிளகைப் போர்த்துக்கலுக்குக் கொண்டுசென்றார். காம்பு நீங்காது காய்வதால் போர்த்துக்கேயர் இதனை வாலுடைய மிளகு என்றனர். நம் மருத்துவர் ‘வால்மிளகு’ என வழங்குவதும் இதற்கு நெருங்கிய உறவுடைய மற்றோர் இனமே. கடலின் இருகரையிலும் ஒரே உவமை தோன்றியிருத்தல் சுவையான செய்தியன்றோ?

ஆனால் அம்மிளகின் வாணிக வாழ்வு குறுகியது. 1498இல் வாஸ்கொ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், இந்திய மிளகின் விலை குன்றலாகாது எனக் கருதிய போர்த்துக்கேய முடி, பெனின் மிளகு வாணிகத்தை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தடைசெய்தது. மலையாளக் கரையின் மிளகு ஆபிரிக்க மிளகைச் சந்தையிலிருந்து வெளியேற்றியது. அமெரிக்க மிளகாயோ அதனைச் சட்டியின் தலைமையிடத்திலிருந்தும் பெரும்பாலும் வெளியேற்றியது. நம் நாட்டு அடுக்களையிலும் இதையொத்ததொன்று நிகழ்ந்தமைக்கு ‘மிளகாய்’ என்ற சொல்லே சான்று. புதிதாக வந்த காய்க்குப் பழைய மிளகின் பெயரைச் சூட்டி நாமும் அதனை வீட்டுப்பிள்ளை ஆக்கிக்கொண்டோம்.

இனித் தோலுக்கு வருவோம். அடிமைகளும் வறியோரும் இறைச்சி கிடையாமையாற் தோலை உண்ணத் தலைப்பட்டனர் என்பது பலரும் கூறும் விளக்கம். எனக்கு இது நிறைவளிக்கவில்லை. தென் நைஜீரியாவில் ஆட்டையும் காட்டு விலங்கையும் தோலுரியாது, தீயில் வாட்டி மயிர்போக்கித் தோலுடன் சமைப்பது பரவலான வழக்கம். தோல் அங்கு இறைச்சியின் புறத்தே கிடக்கும் கழிவன்று, இறைச்சியின் ஒரு பகுதியே. மாட்டுத்தோலை உண்பது இவ்வழக்கத்தின் நீட்சி எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. வறுமை இதனைப் பரப்பியிருக்கலாம்; தோற்றுவித்தது எனத் துணிதற்கில்லை. பிறர் உணவை வறுமையின் விளைவு என்று மட்டும் காண்பது, அவர்க்குச் சுவையுணர்வு இல்லை எனக் கூறுவதற்கு ஒப்பாகும்.

வடபகுதியின் நிலை வேறு. வறண்ட புல்வெளியான அங்கு கால்நடை மிகுதி. தோல் பதனிடுதலும் தொன்மையான கலை. நம்மூர்க் கருவேல மரத்தின் நெற்றுக்களே அங்கும் பதனிடப் பயன்பட்டன. 1851இல் கானோ நகருக்குச் சென்ற ஜெர்மானியப் பயணி ஹைன்றிக் பார்த், அங்கிருந்து பதனிட்ட தோலும் பாதணிகளும் சகாராவைக் கடந்து வட ஆபிரிக்காவுக்குச் சென்றமையைக் குறித்துள்ளார். ஐரோப்பாவில் ‘மொரோக்கோத் தோல்’ எனப் புகழ்பெற்றதில் ஒரு பங்கு கானோ, சொக்கோட்டோப் பகுதிகளின் ஆட்டுத்தோலே.

தெற்கின் காட்டுப் பகுதியில் செற்சே ஈ பரப்பும் நோயால் பெருமாடுகள் பிழைப்பதரிது. சிற்றுருவான உள்ளூர் இனங்களே அந்நோயைத் தாங்கவல்லன. ஆகவே தெற்கின் இறைச்சிக்கான மாடுகள் வடக்கிலிருந்து நடந்தே வரவேண்டியிருந்தது. லாகோஸிலிருந்து தொடங்கிய புகையிரதப் பாதை 1912இல் கானோவுடன் இணைக்கப்பட்டபின், மாடுகள் வண்டியேறித் தெற்கே வந்தன. தெற்கின் கோலாக்கொட்டை வடக்கே சென்றது. இபாடான் நகரின் ‘சாபோ’ குடியிருப்பில் வாழ்ந்த ஹௌசா வணிகரை ஆராய்ந்த அப்னர் கோகென் 1969இல் வெளியிட்ட நூலில், மாடுகள் யொருபா இறைச்சிக்காரர்க்குக் கடனுக்கே விற்கப்பட்டதையும், அக்கடனுக்குத் தரகர் பிணைநின்றதையும் விரிவாகக் காட்டியுள்ளார். கடனுக்கு வாங்கிய மாட்டின் குளம்பு முதல் கொம்பு வரை எதுவும் வீணாகலாகாது. தோலும் காசாக வேண்டும். அதற்குக் கொள்வோர் அருகிலேயே இருந்தனர்.

அண்மைக்காலத்தில் இவ்வுணவு அரசியற் பொருளாகவும் மாறியுள்ளது. சாரியாவிலுள்ள அரச தோற்றொழினுட்ப நிறுவகத்தின் பணிப்பாளர் 2022இல், பொன்மோவுக்கு ஊட்டச்சத்து இல்லை என்றும், அதனைத் தடைசெய்யச் சட்டம் வேண்டும் என்றும் கூறினார். உண்ணப்படும் தோல் தொழிற்சாலைக்குச் சென்றால் நலிந்த கைத்தொழில் மீளும் என்பது அவர் வாதம். ஊட்டச்சத்து இல்லை என்ற கூற்று முழுவதும் சரியன்று. தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமே. ஆனால் உடலுக்கு வேண்டிய அமினோ அமிலங்களுள் திரிப்தோபன் அதில் இல்லாமையால் அது நிறைவான புரதமாகாது. பழைய ரயர்களை எரித்து அத்தீயில் தோலை வாட்டுவதும், பதனிடுவதற்கென இரசாயனம் இட்ட தோல் உணவுச் சந்தைக்குத் திருப்பிவிடப்படுவதும் உண்மையான தீங்குகள். 2023இல் கானாவில் அந்திராக்ஸ் நோய் கண்டபோது, பொன்மோவைத் தவிர்க்குமாறு நைஜீரிய விவசாய அமைச்சு மக்களை எச்சரித்தது. அவ்வாண்டிலேயே நைஜீரியாவிலும் அந்நோய் உறுதிசெய்யப்பட்டது. இவற்றைச் சுகாதாரப் பரிசோதனையாலும் எரிபொருளை மாற்றுவதாலும் தீர்க்க முயலலாம். கைத்தொழில் வாதம் அத்தகையதன்று. இறைச்சிக்காரன் எவர் கூடிய விலை தருகின்றாரோ அவர்க்கே தோலை விற்கிறான். தொழிற்சாலை தரும் விலை, சந்தையில் பெட்டி வைத்துப் பொன்மோ விற்கும் பெண் தரும் விலையை எட்டாதவிடத்து, தோல் அவளிடமே செல்கின்றது. தடையை வேண்டுவோர், அப்பெண்ணும் அவளிடம் வாங்கும் கூலியாளும் அதன்பின் எதனைச் சட்டியிலிடுவர் என்பதை இன்னும் விளக்கவில்லை.