கண்ணாடி ஜாடிகளின் காலம்

ஊர் மின்கம்பியின் தயவை எதிர்பாராமல் கூரையில் சூரியத் தகடுகளைப் பரப்பிக்கொண்டு அமெரிக்காவின் மலைக்காடுகளிலும் பாலைவன ஓரங்களிலும் வாழ்கிற குடும்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்தத் தகடுகளின் அற்புதத்தை வியப்பதோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் அப்படிப்பட்ட வீடொன்றைப் பல வருஷம் நடத்திப் பார்த்தவரைப் பேசவிட்டால், அவர் சொல்லுவது பெரும்பாலும் பாட்டரியின் விருத்தாந்தமாகவே இருக்கும். தகடு தன்பாட்டுக்குக் கூரையில் கிடக்கிறது. மழை கழுவுகிறது, வெயில் காய்கிறது. பாட்டரியோ ஓயாத சிரத்தையைக் கேட்கிறது. சிரத்தையோடு பேணினாலும் சில ஆண்டுகளில் ஆயுள் முடிந்து, வீட்டுக்காரரின் சேமிப்பில் கை வைக்கிறது. இந்தத் தொல்லை சூரிய சக்தியோடு பிறந்ததென்று எண்ணுகிறவர்கள், அந்த நாட்டுப் பண்ணைகளின் பழைய சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஈயப் பாட்டரியின் மூலம் பிரெஞ்சு தேசத்தது. 1859ஆம் ஆண்டில் காஸ்டன் பிளாந்தே என்ற பௌதிக ஆசிரியர் இரண்டு ஈயத் தகடுகளைத் துணி இடையிட்டுச் சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் கூடிய முதல் கலத்தைச் செய்தார். அந்தத் தகடுகள் பக்குவப்படுவதற்கு மாதக்கணக்கில் மாற்றி மாற்றி மின்னேற்ற வேண்டியிருந்தது. 1881இல் காமில் போர் என்பவர் ஈய ஆக்ஸைடைப் பசையாக்கித் தகட்டின் மேல் பூசும் முறையைக் கண்டபின் அந்தக் காத்திருப்பு நீங்கி, பாட்டரி வியாபாரச் சரக்காயிற்று.

அதைக் குடியானவன் வீட்டுக்குக் கொண்டுபோனதில் பெரும் பங்கு சார்லஸ் கெட்டரிங் என்பவருடையது. ஒஹையோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற ஊருக்கு அருகே பண்ணையில் பிறந்து, மோட்டார் வண்டியைக் கைப்பிடி சுழற்றாமல் கிளப்பும் ஸ்டார்ட்டரைச் செய்து புகழ் பெற்ற அவர், 1916இல் டேட்டன் நகரத்திலிருந்து ‘டெல்கோ லைட்’ என்ற சிறு மின்னாக்கும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று. அதனருகே மர அடுக்கில் வரிசையாகப் பதினாறு கண்ணாடி ஜாடிகள். ஈயக் கலம் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டாகையால் பதினாறும் சேர்ந்து 32 வோல்ட். அந்த எண்ணே அமெரிக்கப் பண்ணைகளின் மின்சாரத்துக்கு அளவுகோலாகி, இஸ்திரிப் பெட்டியும், பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரமும், துணி துவைக்கும் இயந்திரமும் 32 வோல்ட்டுக்கென்றே தனியாகச் செய்யப்பட்டன. மின்னழுத்தம் அவ்வளவு தாழ்ந்திருந்ததால் 850 வாட் சக்தியைக் கொண்டுசெல்ல 26 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதற்குப் பருமனான செப்புக் கம்பி தேவை. ஆகவே இயந்திரத்தை எட்டத்தில் வைக்க இயலாது. அது வீட்டின் நிலவறையிலோ ஒட்டிய கொட்டகையிலோ குடியேறியது.

அந்த நிலவறையில் நடந்த ஊழியத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஜாடி கண்ணாடியானதால் உள்ளே நிகழ்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்: செம்பழுப்பு நிறத்து நேர்த்தகடுகள், சாம்பல் நிறத்து எதிர்த்தகடுகள், மின்னேற்றம் நிறைவடையும் தறுவாயில் திராவகத்தில் பொங்கி எழும் நுண்குமிழிகள். அக்குமிழிகள் தண்ணீர் பிரிந்து உண்டாகும் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும். எனவே நெருப்புப் பொறி அங்கே ஆகாது, காற்றோட்டம் அவசியம். குறைவது தண்ணீர் மட்டுமாதலால் ஊற்ற வேண்டியதும் தண்ணீர் மட்டுமே. சோர்ந்த பாட்டரிக்குத் திராவகத்தை ஊற்றினால் தெம்பு வரும் என்று நம்பித் தகடுகளைக் கெடுத்துக்கொண்டவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. கிணற்று நீரின் உப்பும் இரும்பும் தகட்டுக்கு விஷம். வடித்த நீர் கிடைக்காத இடங்களில், சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைநீரைப் பண்ணைக்காரர்கள் சேமித்து வைத்தார்கள். மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கிய நம்மூர் வீடுகளில், மெக்கானிக் கேனோடு வந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப்போவதும் இந்த ஊழியத்தின் தொடர்ச்சியே.

திராவகத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சிப் பார்த்து, எவ்வளவு மின்சாரம் மிஞ்சியிருக்கிறது என்று கணிக்க வேண்டும். மின்சாரம் இறங்க இறங்க இரு தகடுகளிலும் ஈய ஸல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். அறுவடை அவசரத்தில் எஞ்சினை ஓட்ட மறந்து வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ, அந்தப் படிவு கெட்டிப்பட்டுப் பிறகு எத்தனை மின்னேற்றத்துக்கும் மசியாது. எல்லா ஜாடிகளும் ஒரே மட்டத்துக்கு வரும்படி அவ்வப்போது வேண்டுமென்றே அதிகமாக மின்னேற்றுவதும் ஒரு முறை. இத்தனையும் செய்தாலும் தகட்டுப் பசை சிறுகச் சிறுக உதிர்ந்து ஜாடியின் அடியில் வண்டலாகத் தேங்கும். வண்டல் உயர்ந்து தகட்டைத் தொடும் நாளில் அந்தக் கலத்தின் கதை முடிந்தது. பசுவுக்குத் தீனி வைப்பதைப் போல இதுவும் தவறாத நித்தியக் கடமையாயிற்று. பசுவாவது கத்தி நினைவூட்டும்.

எடிசன் இந்த ஈயத்தின் அற்பாயுளை வெறுத்து, நிக்கலும் இரும்பும் கொண்ட காரக் கலத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கினார். அது பல பத்தாண்டுகள் உழைத்தது. ஆனால் விலை அதிகம், சும்மா இருந்தாலே மின்சாரம் கசியும். காற்றாலைகளும் வந்தன: மொன்டானா மேய்ச்சல் நிலத்தில் தொடங்கிய ஜேக்கப்ஸ் சகோதரர்களின் மூவிறகுச் சுழலியும், அயோவாவின் சூ சிட்டியிலிருந்து வானொலிப் பெட்டியோடு சேர்த்து மலிவாக விற்கப்பட்ட ‘வின்சார்ஜர்’ என்பதும் 1930களில் பிரசித்தம். எண்ணெய்ச் செலவு போயிற்று. பாட்டரி போகவில்லை.

1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்வசதி நிர்வாகத்தை ஏற்படுத்தியபோது, அந்நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்கம்பி எட்டியிருந்தது. 1950களிலோ பத்தில் ஒன்பதுக்கு மேல் எட்டிவிட்டது. இருளை வென்ற கதையாக இதை வர்ணிப்பது மரபு. இருளில் இருந்த கோடிக்கணக்கானோருக்கு அது மெய்தான். ஆனால் ஏற்கெனவே சொந்த மின்சாரம் வைத்திருந்தவர்கள் 32 வோல்ட் உபகரணங்களையெல்லாம் உபயோகமற்றுப் போகவிட்டுக் கம்பிக்கு மாறியது வெளிச்சத்துக்காக அன்று. அளவின்றிக் கிடைக்கும் சக்தி ஒருபுறமிருக்க, பாட்டரியைப் பேணும் கடமையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்ற ஆசுவாசமே அவர்களை இழுத்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே 1970களில் வடகலிபோர்னியாவின் காடுகளில் குடியேறிய இளைஞர்கள் சூரியத் தகடுகளை வாங்கத் தொடங்கியபோது, பழைய ஞானத்தை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தார் ஏறக்குறைய 6 சதவீதத் திறனோடு செய்துகாட்டிய சிலிக்கன் தகடு அதற்குள் விண்வெளிக்குப் போய் மீண்டிருந்தது. நிலவறை மனிதர்களின் அனுபவமோ மறைந்திருந்தது. அந்த இளைஞர்கள் முதலில் கார் பாட்டரிகளை வைத்தார்கள். எஞ்சினைக் கிளப்ப ஒரு கணம் பெருமின்னோட்டம் தரவே கார் பாட்டரியின் தகடுகள் மெல்லியவாய், பலவாய் அமைந்தவை; இரவெல்லாம் விளக்கெரித்து ஆழமாக இறக்கினால் அவை விரைவில் நைந்துவிடும். பின்பு தடித்த தகடுகள் கொண்ட கோல்ப் வண்டியின் 6 வோல்ட் பாட்டரியையும், தரை தேய்க்கும் இயந்திரத்தின் உயரமான பாட்டரியையும் கண்டுகொண்டார்கள். 1987இல் ‘ஹோம் பவர்’ என்ற பத்திரிகை தோன்றி, தண்ணீர் ஊற்றுவதையும் ஹைட்ரோமீட்டர் பார்ப்பதையும் மீண்டும் பாடமாக்கியது. பாட்டரி அடுக்கில் ஒன்றிரண்டு கெட்டால் அவற்றை மட்டும் புதிதாக மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், நலிந்த பழையவற்றோடு பூட்டப்பட்ட புதியதும் சீக்கிரமே நலிந்துவிடும் என்பதை ஒவ்வொரு வீடும் தன் கைப்பணத்தைச் செலவிட்டே தெரிந்துகொண்டது. பழைய ஈயத்துக்கு மட்டும் எடைக்கு எடை விலை கிடைக்கும். அது உருகி மறுபடி தகடாகும்.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி வந்து ஈயத்தை வீடுகளிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டாம், குமிழி இல்லை. உள்ளிருக்கும் மின்னணுக் காவலன் தானே அளந்து தானே துண்டிக்கிறான். உறைபனிக் குளிரில் மின்னேற்றலாகாது என்ற ஒரு விதியைத் தவிர வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டியது சொற்பம். சௌகரியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காவலன் பழுதானால் பெட்டி முழுவதும் ஊமையாகிவிடுகிறது. வீட்டுக்காரர் தொலைபேசியில் உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். டெல்கோ லைட் வைத்திருந்த குடியானவரோ, பதினாறில் எந்த ஜாடி கெட்டதென்று கண்ணால் கண்டு, அதை விலக்கி மற்றவற்றைக் கம்பியால் இணைத்துவிட்டு, புது ஜாடி வந்து சேரும் வரை 30 வோல்ட்டில் சற்று மங்கிய விளக்கோடு காலம் தள்ள முடிந்தது.