பராயிள் கணக்கும் போலீஸ் பதிவேடும்

பராயிள் எனும் பாகப்பிரிவினைக் கலையை முறையாக ஓதியவர்கள் ‘குன்ஸா’ என்ற பாடத்தைக் கடந்தே வந்திருப்பர். ஆணென்றோ பெண்ணென்றோ உடலமைப்பால் எளிதில் துணிய முடியாதவரைக் குறிக்கும் சொல் அது. எவ்வகையிலும் தெளிவு கிட்டாவிடில் ‘குன்ஸா முஷ்கில்’ என்பர். இதைக் கடினமான கணக்கு என்றெண்ணி விரைந்து தாண்டிவிடுவோரே நம்மில் மிகுதி. ஆயினும் அந்தக் கணக்கைச் சற்று நின்று பார்ப்போம்.

ஒருவர் ஒரு மகனையும் ஒரு குன்ஸாவையும் மட்டுமே வாரிசாக விட்டு மறைகிறார். குன்ஸா ஆணாயின் இருவருக்கும் சரிபாதி. பெண்ணாயின் மகனுக்கு மூன்றில் இரண்டு, குன்ஸாவுக்கு மூன்றில் ஒன்று. ஷாஃபியீ மத்ஹபின்படி, எந்நிலையிலும் குறையாத பங்கை இருவருக்கும் உடனே கொடுத்துவிட வேண்டும்: மகனுக்குப் பாதி, குன்ஸாவுக்கு மூன்றில் ஒன்று. எஞ்சிய ஆறில் ஒரு பங்கு, உண்மை தெளியும் வரையோ இருவரும் சமரசம் செய்துகொள்ளும் வரையோ நிறுத்தி வைக்கப்படும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் குறைந்த பங்கையே கொடுக்கச் சொன்னார்கள். மாலிக்கீ மத்ஹபில் இரு பங்குகளின் நடுவளவாகிய பன்னிரண்டில் ஐந்து. குன்ஸா வாரிசே அல்லர் என்று இவர்களில் எவரும் கூறவில்லை. ஷாஃபியீ முறையே நம் நெஞ்சைத் தொடுகிறது. ஐயத்தின் சுமையைக் குன்ஸா ஒருவர் மீதே ஏற்றாமல், உடன்பிறந்த மகனையும் அது காத்திருக்கச் செய்கிறது.

இன்று நாம் திருநங்கையர் என்றழைப்போர் அனைவரும் குன்ஸா அல்லர். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆணுடலில் பெண்ணியல்பு கொண்டோரை ‘முகன்னஸ்’ என்று நூல்கள் தனித்துப் பேசுகின்றன. பிறவியிலேயே அவ்வியல்பு அமைந்தவர் மீது பழியில்லை, வலிந்து பாவனை செய்வோரே கண்டனத்துக்குரியோர் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் பிரித்துக் காட்டினார்கள். முகன்னஸின் பாகத்தைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. ஆணுக்குரிய பங்கு அவருக்கு உண்டு.

இவ்வாறு கணக்கிட்டுக் கொடுக்கப்பட்ட உரிமைகளில் சட்டத்தைக் கொண்டே கைவைத்தது ஆங்கிலேய ஆட்சி. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழகம் நன்கறியும். சென்னை மாகாணத்துக்கு அது பின்னரே வந்து பல சமூகங்களை வதைத்தது. ஆனால் அதன் இரண்டாம் பகுதியை அறிந்தோர் சிலரே. வடமேற்கு மாகாணம், அவத், பஞ்சாப் ஆகிய பகுதிகளில் ‘யூனக்’ எனப்பட்டோருள் ஐயத்துக்குரியோரின் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் எழுதப்பட்டன. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, ஐயமே போதும். பதிவானவர் பெண்ணுடையில் பொது வீதியில் தோன்றினால் வாரண்டு இன்றிக் கைது. இரண்டாண்டு வரை சிறை. பொதுவில் ஆடினாலும் அதே தண்டனை. அதன் 29ஆம் பிரிவோ, அவர்கள் ஹிபா கொடுக்கவும், வஸிய்யத் எழுதவும், சிறாருக்குப் பாதுகாவலராகவும், மகனைத் தத்தெடுக்கவும் தகுதியற்றவர்கள் என்றது. தத்து நம் ஷரீஅத்தில் இல்லை. மற்றவை அனைத்தும் உண்டு.

அந்நியன் செய்த கொடுமை என்று இத்துடன் நிறுத்திக்கொள்ள நமக்கும் ஆசைதான். வரலாறு விடவில்லை. பராயிளும் ஃபிக்ஹும் போதிக்கப்பட்ட நிஜாமின் ஹைதராபாத்திலேயே, பஸலி 1329இல், அதாவது 1919இல், அதே அச்சில் ஒரு சட்டம் வார்க்கப்பட்டது. அங்கும் பதிவேடு, அங்கும் பெண்ணுடைக்கும் ஆடலுக்கும் வாரண்டு இல்லாத கைது. நிஜாமின் ஆட்சி 1948இல் முடிந்தது, சட்டம் முடியவில்லை. மூன்றாம் பாலினத்தவருக்கும் அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகள் உண்டு என்று 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் அது ஏட்டில் கிடந்தது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்குகிறது என்று கூறி, 2023 ஜூலையில் தெலங்கானா உயர்நீதிமன்றமே அதை ரத்து செய்தது.

திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருக்கென நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய சட்டம் வாரிசுப் பங்கைப் பற்றி ஏதும் பேசவில்லை. முஸ்லிம் குடும்பங்களில் அது 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்துக்கு, அதாவது நாம் தாண்டிவிட்ட அதே பாடத்துக்கே திரும்புகிறது. வீட்டைவிட்டு விலக்கப்பட்ட பிள்ளையின் பெயரை விட்டுவிட்டுப் பாகப் பத்திரம் எழுதினால், பராயிளின்படி அந்தப் பங்கு அழிவதில்லை. பிற வாரிசுகளின் கையில் அது விடுபட்டவரின் சொத்தாகவே நிற்கிறது.