புகைக்கு விலை: சூரத் ஆலைகளில் மாசைக் குறைத்த சந்தை முறை

ஆலைப் புகையால் நோயுறுவோரின் மருத்துவச் செலவு, அந்த ஆலையின் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. இவ்வாறு பிறர் மீது விழும் செலவைப் பொருளாதாரம் 'எதிர்மறைப் புறவிளைவு' என்கிறது. மாசுபடுத்துவதற்கு விலை இல்லாதவரை அது அளவுக்கு மிஞ்சியே நிகழும். எனவே, அதற்கு வரி விதிக்கலாம் என்ற கருத்தை பிரிட்டன் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு 1920-இல் வெளியான தமது நூலில் முன்வைத்தார்.

மற்றொரு வழி, மொத்த மாசுக்கு உச்சவரம்பு விதித்து, அதற்குட்பட்ட அனுமதிகளை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்க இடமளிப்பது. இம்முறையைக் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் சூரத்தில் தொடங்கியது. காற்றில் கலக்கும் துகள்களுக்காக உருவாக்கப்பட்ட உலகின் முதல் சந்தை இதுவாகும்.

ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. குறைந்த செலவில் துகள்களை வடிகட்டும் ஆலை, மீதமுள்ள அனுமதிகளை விற்கலாம். இயலாத ஆலை அவற்றை வாங்க வேண்டும். அனுமதியை மீறினால் இழப்பீடு செலுத்த வேண்டும்.

மொத்தம் 317 ஆலைகளில் நடத்தப்பட்ட ஆய்வில், சந்தையில் சேர்ந்த ஆலைகளின் துகள் வெளியேற்றம், பழைய விதிமுறையில் தொடர்ந்தவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தது.

எனினும், அனுமதி வாங்கும் ஆலையின் அருகே வசிப்போருக்குப் புகை குறைவதில்லை. உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைப்பதும், கருவிகளின் அளவீடு நேர்மையாக இருப்பதுமே அவர்களுக்கான பாதுகாப்பு.